மாமா வீட்டு உடைஞ்ச சாமான்

போன மாசம் ரெண்டு சனி ஞாயிறும் மாமா வீட்லயே போயிருச்சு. ஹலசூரு பக்கம் மர்ஃபி டவுன் வீட்டைக் காலி பண்ணிட்டு மாமாவும் அத்தையும் ஒயிட்ஃபீல்டுல இருக்குற பொண்ணு ஃபிளாட்டுக்குப் போறாங்க. 38 வருஷம் குடியிருந்த வீடு, எவ்வளவு சாமான் சேந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. அத்தை போன்ல சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், "பாத்திரம் பண்டம் துணிமணி எல்லாம் நான் பாத்துக்குறேன், உங்க மாமாவோட இரும்புக் குப்பைய மட்டும் நீ வந்து என்ன ஏதுனு கேளு, நான் வாயத் தொறந்தா சண்டை தான்."

இரும்புக் குப்பைங்குறது ஒரு பெரிய டிரங்குப் பெட்டி, ரெண்டு அட்டைப் பெட்டி, அப்புறம் கட்டிலுக்கடியில 14 ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லாத்துலயும் உடைஞ்ச சாமான். உடைஞ்ச போல்ட்டு, உடைஞ்ச ஷாஃப்ட்டு, பல்லு போன கியர், அறுந்த ஸ்பிரிங், ரெண்டா போன சைக்கிள் பெடல் ஆக்ஸில், குக்கர் கைப்பிடி, யாரோ வீட்டு கேட்டோட கீல். ஒவ்வொண்ணும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல, கூடவே துரு பிடிக்காம இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் (புது ஷூ வாங்குனா உள்ள வர்ற பொட்டலத்தை யாரையும் தூக்கிப் போட விடமாட்டாரு), நூல்ல கட்டுன ஒரு அட்டைச் சீட்டு. சீட்டுல பேரு தேதிக்குக் கீழ ரெண்டே விஷயம். காரணம், சாட்சி. காலேஜ் சாமானுக்கு இங்கிலீஷ்ல எழுதியிருப்பாரு, வீட்டு சாமானுக்கு தமிழ்ல.

டிரங்குப் பெட்டிக்கு நம்பர் பூட்டு. மாமா தூங்கிக்கிட்டு இருந்தாரு, எழுப்ப மனசில்ல, 727 போட்டேன், தொறந்துக்கிச்சு. அவரு வீட்ல வளந்தவங்களுக்கு இது ஒரு ரகசியமே இல்ல. உருக்கை சூடு பண்ணிக்கிட்டே போனா 727 டிகிரில அதுக்குள்ள இருக்குற அமைப்பே கலைஞ்சு வேற மாதிரி அடுக்க ஆரம்பிக்கும், அங்க இருந்து மெல்ல ஆற விட்டா ஒரு குணம், தண்ணில முக்குனா வேற குணம், கொல்லன் பட்டறையில அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி சொய்னு தொட்டியில விடுறதோட மொத்த விஷயமும் அந்த நம்பர்ல தான் இருக்குனு சாப்புடும்போது எல்லாம் சொல்லுவாரு. எங்க வீட்டு மத்தவங்க பொறந்த நாள வச்சு பூட்டு போடுவாங்க, இவரு இப்படி.

மாமா மெட்டலர்ஜி ப்ரொஃபசர், அதாவது உலோகத்தைப் பத்தின படிப்பு. 1974ல லெக்சரரா சேந்து 2007ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் பெங்களூர்ல ஒரே இன்ஜினியரிங் காலேஜ்ல 33 வருஷம். காலேஜ் பேரை சொல்லப் போறதில்ல, ஏன்னு பின்னாடி புரியும். இந்த மெட்டலர்ஜிங்குற வார்த்தையால அவரு பட்ட பாடு தனி. தெருவுல பாதிப் பேருக்கு அது மெட்டியரலாஜி, "சார் நாளைக்கு மழை வருமா, மாடில வடகம் காயப் போட்டிருக்கோம்"னு நெசமாவே வந்து கேப்பாங்க. இவரும் வானத்தை ஒரு பார்வை பாத்துட்டு "எடுத்துருங்க"ம்பாரு. பாதி நாள் சரியா வேற இருக்கும்.

சொந்தக்காரங்களுக்கு அது தங்கம். கோலார் தங்கவயல்ல பொறந்தவன், மெட்டலைப் பத்திப் படிச்சவன், அப்போ தங்கத்துல கில்லாடியா தான இருக்கணும்? கல்யாணத்துக்கு முன்னாடி நகை வாங்குன கையோட ஒரு கூட்டம் வந்து ஹால்ல உக்காந்துரும், "தம்பி, இது சுத்தமானு கொஞ்சம் பாத்து சொல்லு." 916னா என்ன தெரியுமாக்கா, 22ஐ 24ஆல வகுத்தா வர்றது, நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும், அந்த செம்பு வெள்ளி இல்லைனா உங்க வளையல் கையில போட்டதுமே நசுங்கிப் போயிரும்னு பொறுமையா சொல்லுவாரு. கேடிஎம்னு கடைக்காரன் பெருமையா சொல்றது கேட்மியம் கலந்த பத்தவைப்பு, அதோட புகை அந்த ஆசாரி நெஞ்சுக்குள்ள போகுதுனும் சொல்லுவாரு. அது யாருக்கும் வேண்டாம். எல்லாத்தையும் கேட்டுட்டு "அப்போ சுத்தம் தான?"ம்பாங்க. "சேட்டுக் கடையில உரைகல்லு இருக்கு, அங்க போங்க"ம்பாரு. இவ்வளவு படிச்சு என்னத்துக்குனு போற வழியில பேசிக்கிட்டே போவாங்க.

அவருக்கு தங்கத்து மேல ஆசையும் இல்ல மரியாதையும் இல்ல. தங்கம் துரு பிடிக்காது, உடையாது, அதுக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது, பிரச்சினையே இல்லாததைப் பத்தி என்ன பேசுறதும்பாரு.

ஆனா எல்லாம் ஆரம்பிச்சது அந்த தங்கத்துல தான். எங்க அம்மா, மாமா ரெண்டு பேரும் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப்ங்குற சுரங்கத்துப் பக்கம் லைன் வீட்டுல பொறந்தவங்க. தாத்தா சுரங்கத்துக்குள்ள வேலை. தங்கவயல் பாதிக்கு மேல தமிழ் பேசுற ஊரு, வட ஆற்காடு சேலம் சித்தூர் பக்கத்துல இருந்து போனவங்க தான் பாறைய உடைச்சவங்கள்ல பெரும்பாலும். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம், உலகத்துலயே ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு. அடியில பாறையே 60 டிகிரிக்கு மேல கொதிக்கும், குளிர்ந்த காத்தை மேல இருந்து உள்ள தள்ளித் தான் ஆளை நிக்க வைக்க முடியும். திடீர்னு அழுத்தம் தாங்காம பாறை வெடிக்கும், அதுக்கு அங்க ஏர்பிளாஸ்ட்னு பேரு. வீட்ல அடுக்கி வச்ச பாத்திரம் கடகடனு ஆடும், ஆடுனதும் பொம்பளைங்க எல்லாம் போட்டது போட்டபடி ஷாஃப்ட் பக்கம், அதான் சுரங்கத்துக்குள்ள இறங்குற வாய்ப் பக்கம், ஓடுவாங்கனு அம்மா சொல்லும்போது இப்பவும் குரல் ஒரு மாதிரி ஆயிரும்.

மாமாவுக்கு அந்த பயம் வேற மாதிரி. அவருக்குப் பாறைய விட கயிறு தான் பயம். கேஜுல ஆளுங்கள நிக்க வச்சு கீழ இறக்குவாங்க இல்ல, அந்த இரும்புக் கயிறு. ஆறேழு வயசுல தாத்தாவைக் கேட்டிருக்காரு, கயிறு அறுந்தா என்னப்பா ஆகும்னு. தாத்தா அடிக்கல, திட்டல. அடுத்த வாரம் வேட்டி மடிப்புல இருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கயித்துத் துண்டை எடுத்து கையில குடுத்திருக்காரு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை அந்தக் கயித்தோட நுனியில, கேஜோட சேர்ற எடத்துல, கொஞ்சம் வெட்டி எடுத்து புரியைப் பிரிச்சு உள்ள கம்பி எப்படி இருக்குனு பாப்பாங்க, அப்படி வெட்டுனதுல மிச்சம். "பாரு, உள்ள எத்தன கம்பி இருக்குனு எண்ணிப் பாரு, ஒண்ணு போனாலும் மத்ததெல்லாம் புடிச்சுக்கும்"னாராம். மாமா எண்ணியிருக்காரு. எண்ணி முடிக்க ரெண்டு நாள் ஆச்சாம், நடுநடுவுல மறந்து மறந்து திரும்ப எண்ணுனதால.

அந்தத் துண்டு தான் மாமா மேசையில பேப்பர் வெயிட். நான் சின்ன வயசுல அதை ஏதோ அம்மிக் குழவி மாதிரினு நெனச்சிருக்கேன்.

பிஎஸ்சி கோலார் பக்கமே படிச்சிட்டு 1968ல டாட்டா இன்ஸ்டிட்யூட்ல சேந்தாரு. ஐஐஎஸ்சினு இப்போ சொல்றோம், பழைய பெங்களூர்காரங்களுக்கு இன்னிக்கும் அது டாட்டா இன்ஸ்டிட்யூட் தான், ஆட்டோக்காரர்கிட்ட அப்படி சொன்னா தான் டக்குனு புரியும். பிஎஸ்சி முடிச்சவங்களுக்கு மூணு வருஷ பிஇ மெட்டலர்ஜி அங்க இருந்துச்சு. 1945ல ஆரம்பிச்ச டிபார்ட்மெண்ட் அது, 1951ல தான் மொதல் இந்தியத் தலைவர் வந்தாரு, லாகூர்ல பொறந்த பிரம்ம பிரகாஷ். மாமா போறதுக்கு முன்னாடியே அவரு அணுசக்தி பக்கம் போயிட்டாரு, ஆனா காரிடார்ல அவரு கதை ஓடிக்கிட்டே இருக்குமாம். ஜிர்கோனியம், ஹாஃப்னியம்னு ரெண்டு உலோகத்தைப் பிரிச்ச கதை. ரெண்டும் இரட்டைப் புள்ளைங்க மாதிரி ஒண்ணாவே மண்ணுல கெடக்கும், கெமிஸ்ட்ரிலயும் கிட்டத்தட்ட ஒரே குணம், ஆனா ஒண்ணு நியூட்ரான விட்டுரும், இன்னொண்ணு முழுங்கிரும், ரியாக்டருக்குள்ள எரிபொருளுக்கு உறை போடணும்னா முழுங்குறதைப் பிரிச்சு எடுத்தே ஆகணும். அப்புறம் அதே மனுஷன் 1972ல விக்ரம் சாராபாய் ஸ்பேஸ் சென்டருக்கு மொதல் டைரக்டர். மெட்டலர்ஜிகாரன்னா கொல்லன்னு நெனச்சியா, ராக்கெட்டும் விடுவோம்னு மாமா இதை வருஷத்துக்கு நாலு தடவை சொல்லிருவாரு. நெசமா மாமா சேந்தப்போ அவரு கிட்ட இருந்தது ரெண்டு பேண்ட்டும் அந்தக் கயித்துத் துண்டும் தான்னு அம்மா சொல்லும்.

அப்புறம் ஒரு ஃபவுண்டரில கொஞ்ச நாள், அப்புறம் காலேஜ். பிஎச்டி பகுதி நேரமா பண்ணாரு, 9 வருஷம் இழுத்துச்சு, 1985ல தான் முடிஞ்சது. எதைப் பத்திங்குறீங்க? கம்பி. இழுத்த உருக்குக் கம்பி ஏன் திரும்பத் திரும்ப பாரம் ஏறி இறங்குனா அறுந்து போகுது. பாரம் ஒரே தடவை எவ்வளவு தாங்கும்ங்குறது வேற, கம்மியான பாரமா இருந்தாலும் லட்சம் தடவை ஏத்தி எறக்குனா எங்கேயோ ஒரு சின்ன கீறல் ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவைக்கும் மயிரிழை மயிரிழையா உள்ள போய் ஒரு நாள் படார்னு போயிரும், அது வேற. இதுக்கு ஃபட்டீக்னு பேரு. இதை மொதல்ல சோதிச்சுப் பாத்ததே ஒரு சுரங்கக்காரன் தான். ஜெர்மனில கிளவுஸ்தால்ங்குற ஊருல வில்ஹெம் ஆல்பர்ட்னு ஒரு சுரங்க அதிகாரி, அப்போ அங்க பாரம் தூக்க சங்கிலி போடுவாங்க, சங்கிலி அப்பப்போ சொல்லாம கொள்ளாம அறுந்துக்கிட்டே இருக்கு. அந்தாளு ஒரு மெஷின் செஞ்சு சங்கிலியைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டு இழுத்து விட்டு எப்போ அறுகுதுனு பாத்தாரு, 1829 வாக்குல. பாத்துட்டு 1834ல சங்கிலியையே விட்டுட்டு இரும்புக் கம்பிகளைத் திரிச்சு கயிறு பண்ணாரு. சங்கிலில ஒரு வளையம் போனா மொத்தமும் போச்சு, கயித்துல ஒரு கம்பி போனா மத்ததுங்க தாங்கும். தாத்தா சொன்ன அதே விஷயம். லைப்ரரியில மொத மொதலா இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலைனு மாமா ஒரே ஒரு தடவை சொன்னாரு, அதுக்கு மேல சொல்லல, நானும் கேக்கல.

நான் இவங்க வீட்டுக்கு வந்தது 1991ல, ஏழாம் கிளாஸ் படிக்க. ஊர்ல இருந்து பாப்பா நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்னு அம்மா மரிகுப்பத்துல ரயில் ஏத்தி கன்டோன்மெண்ட்ல இறக்கி விட்டுட்டுப் போயிருச்சு. வந்த மூணாவது மாசம் சைக்கிள் இடது பெடல் நடு ரோட்டுல கழண்டு விழுந்துச்சு, ஆக்ஸில் ரெண்டா போயிருந்துச்சு. அழுதுக்கிட்டே தள்ளிக்கிட்டு வந்தா, மாமா மொதல்ல கேட்டது எனக்கு அடிபட்டுச்சானு இல்ல (ரெண்டாவதா கேட்டாரு, நியாயமா சொல்லணும்ல), "உடைஞ்ச மூஞ்சியைத் தொட்டியா? ரெண்டையும் ஒட்ட வச்சுப் பாத்தியா?" ரெண்டும் பண்ணிருந்தேன். தலைல கைய வச்சுக்கிட்டாரு.

அது தான் அவங்க தொழில்ல மொத சட்டமாம். உடைஞ்ச ரெண்டு துண்டை எடுத்ததும் எல்லாரும் பண்றது சேத்து வச்சுப் பாக்குறது, சேத்ததும் உள்ள இருக்குற நுணுக்கமான அடையாளம் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு அழிஞ்சு போயிரும். அழிஞ்சது போக மிச்சத்தை லென்ஸ்ல காட்டுனாரு. ஒரு ஓரத்துல, திரெட்டோட அடியில இருந்து ஆரம்பிச்சு, கிளிஞ்சல் ஓடு மேல இருக்குமே வரி வரியா, அதே மாதிரி வளைவு வளைவா கோடு. ஒவ்வொரு கோடும் கீறல் ஒரு எட்டு வச்சு நின்ன எடம். முக்கால்வாசி தூரம் வழுவழுனு இப்படியே வந்து, மிச்ச கால்வாசி மட்டும் சொரசொரனு. "இந்த சொரசொரப்பு மட்டும் தான் இன்னைக்கு உடைஞ்சது, மத்ததெல்லாம் நீ இந்த சைக்கிளை வாங்குறதுக்கு முன்னாடியே உடைய ஆரம்பிச்சது"னாரு. செகண்ட் ஹேண்ட் சைக்கிள் அது. எனக்கு அப்போ தான் அழுகை நின்னுச்சு, என் தப்பு இல்லைனு தெரிஞ்சதால.

ஞாயித்துக்கிழமை ஆனா பெங்களூர் தொழிற்பேட்டை பீன்யால இருந்து ஆளுங்க வருவாங்க. சின்ன சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்குறவங்க, பெரிய லேபுக்கு அனுப்ப காசு இல்லாதவங்க. மஞ்சப் பையில, பழைய டவல்ல சுத்தி, பச்சக் கொழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி உடைஞ்ச ஷாஃப்ட்டைத் தூக்கிட்டு வருவாங்க. இவரு சாக்பீஸ் எடுத்து ரெண்டு கையாலயும் முறுக்குவாரு. நீங்களும் வீட்ல பண்ணிப் பாக்கலாம், சாக்பீஸை வளைக்காம துணி பிழியுற மாதிரி முறுக்கி உடைச்சா நேரா உடையாது, 45 டிகிரில திருகு திருகா உடையும். "உங்க ஷாஃப்ட்டு இப்படி உடைஞ்சிருக்கு, நல்ல மெது உருக்கா இருந்தா முறுக்குல குறுக்க தட்டையா தான் போகணும், அப்போ இதை யாரோ அதிகமா ஹார்டன் பண்ணிருக்காங்க, திரும்ப அளவா சூடு காட்டி டெம்பர் பண்ணாம விட்டிருக்காங்க, ஹீட் ட்ரீட்மெண்ட் எங்க குடுத்தீங்க?" வந்தவரு அப்படியே எந்திரிச்சு அந்த ஹீட் ட்ரீட்மெண்ட் கடைக்கு சண்டை போடக் கெளம்பிருவாரு. காசு வாங்க மாட்டாரு. உடைஞ்ச துண்டு ஒண்ண மட்டும் வச்சுக்குவாரு. அப்படி சேந்தது தான் இந்தப் பெட்டி.

காலேஜ் லேபுக்கு லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டுப் போவாரு. துண்டை வெட்டி, பேக்கலைட் வில்லையில பதிச்சு, எமரி பேப்பர்ல தேய்க்கணும். சொரசொரப்புல ஆரம்பிச்சு நைசான பேப்பருக்கு ஒவ்வொண்ணா மாறணும், மாறும்போது வில்லைய 90 டிகிரி திருப்பிப் புடிச்சா தான் பழைய கீறல் போயிருச்சானு தெரியும். அப்புறம் சுத்துற துணித்தட்டுல கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும். இவ்வளவும் பண்ணி மைக்ராஸ்கோப்ல வச்சா ஒண்ணுமே தெரியாது, வெறும் வெள்ளை. நைட்டால்னு ஒரு தண்ணி, ஆல்கஹால்ல நூத்துக்கு ரெண்டு பங்கு நைட்ரிக் ஆசிட், அதைப் பஞ்சுல தொட்டு சில நொடி தடவி கழுவிட்டுப் பாத்தா, ஐயோ. வயல் வரப்பு மாதிரி எல்லை எல்லையா பிரிஞ்சு, சிலதுக்குள்ள மெல்லிசு கோடு கோடா அடுக்கடுக்கா. அதுக்கு பேர்லைட்னு பேரு, முத்துச்சிப்பி உள்பக்க மினுமினுப்பு இருக்குறதால வச்ச பேரு. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு நாலு மணிக்குப் பாத்தேன். விரல் நகம் எல்லாம் கறுப்பு. அன்னைக்கு நான் மெட்டலர்ஜி தான் படிக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டேன்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல தோசைக்கல் கதை. அத்தை இதைப் படிக்க மாட்டாங்கங்குற தைரியத்துல எழுதுறேன். அவங்க கல்யாணத்துக்கு அவங்க அம்மா குடுத்த கல், வார்ப்பிரும்பு, எண்ணெய் ஏறி ஏறி கறுகறுனு கண்ணாடி மாதிரி இருக்கும். வீட்ல யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் நானே தோசை சுடுறேன்னு ஏத்தி, அடுப்பை முழுசா வச்சு, தோசை கருகி, வீடெல்லாம் புகை, பயந்து போய் ஒரு சொம்பு தண்ணிய அப்படியே ஊத்திட்டேன். டப்புனு ஒரு சத்தம், கல்லுல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கோடு. எடுக்கப் போய் கையும் சுட்டுக்கிட்டேன். ஆறுனதும் தொடைச்சு அலமாரில பழையபடி சாச்சு வச்சுட்டேன். மறுநாள் காலைல அத்தை தூக்குனதும் ரெண்டா வந்துருச்சு. என் கைக் கொப்புளத்துக்கு நான் சொன்ன கதை, கரண்ட் போனப்போ மெழுகுவத்தினு.

அத்தை அழாத குறை. வேலைக்கு வர்ற அக்கா மேல சந்தேகப்பட்டாங்க, கீழ போட்டிருப்பாங்கனு. மாமா ரெண்டு துண்டையும் வாங்கி (ஒட்ட வைக்காம) ஜன்னல்கிட்ட கொண்டு போய் ரொம்ப நேரம் பாத்துட்டு, "யாரும் கீழ போடல, எங்கயும் அடிபட்ட தழும்பு இல்ல. பழைய கீறலும் இல்ல, உள்ள துரு இல்ல பாரு. சூட்டுல பச்சத்தண்ணி பட்டா இப்படி ஆகும், வார்ப்பிரும்புக்குள்ள கார்பன் தகடு தகடா இருக்கும், கீறலுக்கு அதுவே வழி போட்டுக் குடுக்கும்"னாரு. யாரு ஊத்துனாங்கனு அத்தை கேட்டதுக்கு, "நீயே கூட ஊத்திருப்ப, ஞாபகம் இருக்காது"ன்னுட்டாரு. அத்தை ரெண்டு நாள் பேசல. கல்லு காலேஜுக்குப் போச்சு, பையன்களுக்குக் காட்ட. திரும்பி வரல.

மாமாவோட ஃப்ரெண்டு ஒரு கன்னடக்காரர், அதே டிபார்ட்மெண்ட், வீட்டுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை தான். நம்ம பக்கத்துப் பழைய உருக்கை வூட்ஸ் ஸ்டீல்னு வெள்ளைக்காரன் சொன்னது கன்னட உக்குல இருந்து வந்ததுனு அவரு, தமிழ்ல உருக்குனு தான சொல்றோம்னு இவரு. ஈரோடு பக்கம் கொடுமணல் அகழாய்வுல உருக்கு காய்ச்சுற மூசை உலை கெடைச்சிருக்குனு இவரு சொல்ல, மைசூர்ல இருந்து போனதைப் பத்தி அவரு எடுத்து விட, லண்டன்ல ஃபாரடேயே மின்சாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி 1819ல நம்ம உருக்கை வச்சுத் தான் தலையப் பிச்சுக்கிட்டு இருந்தான்னு ரெண்டு பேரும் ஒண்ணாயிருவாங்க. அப்புறம் காபி.

இனி அவருக்குப் புடிக்காத பகுதி. நான் 1997ல கம்ப்யூட்டர் சயின்ஸ் தான் எடுத்தேன். கவுன்சிலிங்ல என் ரேங்குக்கு அது கெடைச்சது, விடுறதுக்கு யாருக்கும் மனசு வரல, எனக்கும். மாமா ஒண்ணும் சொல்லல, "நல்லது, அது உடையாது"ன்னாரு. (உடையுது மாமா, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வருது.) அந்த வருஷங்கள்ல மெட்டலர்ஜி சீட்டு கடைசியா தான் போகும், வேற எதுவும் கெடைக்காதவங்க வந்து சேருவாங்க, சேந்தவங்களும் நாலாவது வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவுக்கு வரிசைல நிப்பாங்க. 2004ல காலேஜ் அந்த பிராஞ்சையே மூடிருச்சு. மாமாவை மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்ல ஒரு ஓரத்துல உக்கார வச்சு ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர் குடுத்தாங்க. லேப் இருந்த எடத்துல ஏசி போட்டு கம்ப்யூட்டர் வந்துச்சு. ஃபர்னஸைக் காயலாங்கடைக்குப் போட்டாங்க, எடைக்கு. அவரு கோபப்பட்டு நான் பாத்தது வாழ்க்கைல ரெண்டு மூணு தடவை, அதுல ஒண்ணு அன்னைக்கு, அதுவும் மூடுனதுக்கு இல்ல, ஃபர்னஸ் உள்ள சூட்டை அளக்க இருந்த பிளாட்டினம் தெர்மோகப்பிள் கம்பியைக் கூட கழட்டாம குடுத்துட்டானுங்களேனு. மைக்ராஸ்கோப்பை ஏலத்துல சொந்தக் காசு போட்டு எடுத்துட்டு வந்துட்டாரு. ஆட்டோல மடியில வச்சுக்கிட்டு.

அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2001 பிப்ரவரி கடைசில தங்கவயலையும் மூடியாச்சு. 120 வருஷத்துல 800 டன்னுக்கு மேல தங்கம் எடுத்த சுரங்கம், கடைசில ஒரு டன் கல்லை உடைச்சா சில கிராம் தான், கட்டுப்படியாகலனு மூடிட்டாங்க. மாமாவும் நானும் அப்போ ஒரு தடவை போயிருந்தோம், சயனைடு மண்ணு மலை மலையா நிக்கும் இல்ல, கல்லை மாவா அரைச்சு சயனைடுல தங்கத்தைக் கரைச்சு எடுத்தது போக மிச்சம், காத்தடிச்சா ஊரெல்லாம் பறக்கும், அது மட்டும் அப்படியே இருந்துச்சு. ஷாஃப்ட்டு மேல சக்கரம் நிக்குது, சுத்தல. மாமா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாரு. தாத்தா சிலிகோசிஸ்ல தான் போனாரு, கல்லுத் தூசி நெஞ்சுல சேந்து. கயித்தால இல்ல.

2019ல மாமாவுக்கு முட்டி மாத்துனாங்க. ஆபரேஷனுக்கு மொத நாள் டாக்டர் ஏதாவது சந்தேகம் இருக்கானு கேட்டாரு. எல்லாரும் எப்போ நடக்கலாம், மாடி ஏறலாமானு கேப்பாங்க. இவரு, "மேல கோபால்ட் குரோமியம், கீழத் தட்டு டைட்டானியம் அலாய், நடுவுல பாலிஎத்திலீன், சரி தானே? அந்த டைட்டானியம் வார்த்ததா, அடிச்சதா?" டாக்டர் பேனாவை மூடி வச்சுட்டு ஒழுங்கா உக்காந்துட்டாரு. அரை மணி நேரம் பேசுனாங்க. இப்போ மெட்ரோ ஸ்டேஷன்ல கேட்டு பீப் அடிச்சா செக்யூரிட்டிக்கும் இதே லெக்சர் தான், பின்னாடி வரிசை நிக்கும், அத்தை "வாங்களேன்"னு கைய புடிச்சு இழுப்பாங்க.

சரி, பெட்டி. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணா எடுத்து நான் சீட்டைப் படிக்க, மாமா சேர்ல உக்காந்து வச்சுக்கோ, தள்ளுனு சொல்லிக்கிட்டு வந்தாரு. ஃபிளாட்டுல ஒரே ஒரு அலமாரி தான் தருவேன்னு பொண்ணு சொல்லிருச்சு. பெரும்பாலும் தள்ளு தான் சொன்னாரு, நான் எதிர்பாக்கல. சைக்கிள் ஆக்ஸில் வந்துச்சு. "பாப்பா சைக்கிள், இடது பெடல். காரணம்: ஃபட்டீக். சாட்சி: திரெட் அடியில சிப்பி வரி. பாப்பா மேல தப்பில்ல." அதை நான் பர்ஸுல போட்டுக்கிட்டேன். பேப்பர் வெயிட்டாவே இருந்த கயித்துத் துண்டுக்கும் ஒரு சீட்டு இருக்குனு அன்னைக்குத் தான் பாத்தேன், அடியில ஒட்டியிருந்துச்சு. "அப்பா. சாம்பியன் ரீஃப். காரணம்: உடையல." சாட்சி போட்ட எடத்துல ஒண்ணும் எழுதல. அதை அவரே வாங்கி சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு, பை தொங்குச்சு.

அடியில, நியூஸ் பேப்பர்ல சுத்தி, கனமா ஒண்ணு. பிரிச்சதும் அத்தை சமையக்கட்டுல இருந்து வந்துட்டாங்க. "அய்யய்யோ, என் தோசைக்கல்லு. முப்பது வருஷமா இதையா ஒளிச்சு வச்சிருந்தீங்க? காலேஜுல இருக்குனு தான சொன்னீங்க?" பாதி கல்லு. ஒரு ஓரம் மட்டும் வெட்டி எடுத்திருந்தாரு, பையன்களுக்கு பாலிஷ் பண்ண. மிச்சத்துல எண்ணெய் தடவி வச்சதால துருவே இல்ல.

சீட்டை எடுத்தேன்.

"தோசைக்கல். வார்ப்பிரும்பு. 1991 ஆகஸ்ட். காரணம்: சூட்டுல பச்சத்தண்ணி. சாட்சி: பாப்பா கைக் கொப்புளம்."

"என்னடி எழுதியிருக்காரு, கண்ணாடி உள்ள இருக்கு, படி"ன்னாங்க அத்தை.

"வார்ப்பிரும்பு, 1991 ஆகஸ்ட்"னு படிச்சேன்.

"அதுக்குக் கீழயும் ஏதோ இருக்கே?"

"எண்ணெய் பட்டு அழிஞ்சிருக்கு அத்தை, சரியா தெரியல."

மாமா அந்தப் பக்கம் திரும்பி ஒரு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தாரு. ஏற்கனவே ஒட்டுன பெட்டி அது.